கரி நமக்கு, காசு எவருக்கு?

சென்ற திங்கள் சிவகங்கைச் சீமையில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அந்த அரையிருளில் ஒரு முதியவர் என் கையைப் பற்றினார். கழகக் கூட்டம் எங்கு நடந்தாலும் முன்வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்து கேட்பவர். முப்பதாண்டுக் காலம் பேருந்தில் நடத்துநராக நின்றே உழைத்து, நரம்பு புடைத்த கால்களோடு ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஒரு செய்தி கேட்க வேண்டும். நாலு பேர் எதிரில் கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றார். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பளபளக்கும் தாள், பல வண்ண அச்சு. வெளிநாட்டுச் சுரங்கமொன்றின் படம். மேலே கொட்டை எழுத்தில், "எஃகைவிட 200 மடங்கு வலிமை! கிராபீன் யுகம் பிறக்கிறது! இன்று கிராஃபைட் சுரங்கத்தில் பங்கு வாங்குவோர் நாளைய கோடீசுவரர்!" என்றிருந்தது.

"பணி ஓய்வில் வந்த பணம் ஆறு இலட்சம் இருக்கிறது, தம்பி. மதுரையில் ஒரு தரகர் போடச் சொல்கிறார். நம் ஊர் மண்ணிலும் கிடக்கிற சரக்குதானே, ஏமாற்று இராது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். போடலாமா?"

தோழர்களே! மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசியவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகமும் மேடையுமாகத் திரிந்தவன் நான், விஞ்ஞானி அல்லன். ஆயினும் ஒரு தொண்டன் முப்பதாண்டு நின்று சேர்த்த பணத்தைப் பற்றிக் கேட்கிறான். "எனக்குத் தெரியாது அண்ணே" என்று நழுவுவது நாணயமாகுமா? "பத்து நாள் பொறுங்கள் அண்ணே, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்தேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் அந்தத் தாள் அவர் மடியில் மட்டும் இல்லை.

முதலில் பொருளை அறிவோம். கிராஃபைட் என்பது கரி. வைரம் எதனால் ஆனதோ அதே கரியால் ஆனது. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையால் வைரம் மகுடம் ஏறிற்று, கிராஃபைட் பள்ளிப் பிள்ளையின் பென்சிலுக்குள் புகுந்தது. காரீயம் என்று நம்மவர் அதற்குப் பெயரிட்டனர். ஆனால் அதில் ஈயம் எள்ளளவும் இல்லை. அது கரியே என்பதை 1779-இல் சுவீடன் நாட்டு ஷீலே மெய்ப்பித்தார். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டைப் பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்குப் பயன்படுத்தினர். அதைத் திருடுவது பெருங்குற்றம் என 1752-இல் பாராளுமன்றமே சட்டம் செய்தது. ஒரு நாடு தன் கரியைக் காக்கச் சட்டம் செய்தது என்பதை மனத்தில் வையுங்கள். அதற்குப் பின்னர் வருவேன்.

அந்தக் கரி ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஒரே ஒரு அணு அளவு தடிப்புள்ள ஒற்றை ஏட்டுக்குப் பெயர் கிராபீன். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏடுகள். அந்த ஒற்றை ஏட்டை 2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்தாந்தீன் நோவோசெலோவ் என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். எதைக் கொண்டு? கோடி ரூபாய் இயந்திரம் கொண்டா? இல்லை. பொட்டலம் ஒட்டும் நாடாவைக் கொண்டு! கரியின் மேல் ஒட்டி, உரித்து, மீண்டும் ஒட்டி, மீண்டும் உரித்து! 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மெய்யாகவே அது வியப்புக்குரிய பொருள். வலிமையில் எஃகை விஞ்சுகிறது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சிறப்பாகக் கடத்துகிறது. விழும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கை மட்டுமே உறிஞ்சுகிறது. அறிவியலின் அந்த வெற்றிக்கு நாம் தலை வணங்குகிறோம். பகுத்தறிவைப் போற்றுகிறவர்கள் ஆய்வுக்கூடத்தைப் பழிக்க மாட்டார்கள்.

நம் வழக்கு ஆய்வுக்கூடத்தின் மீதன்று. ஆய்வுக்கூடத்தின் வாயிலில் கடை விரித்திருக்கும் தரகர் மீது. அவர் நீட்டும் தாளில் மூன்று பொய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக உரிப்போம்.

முதற்பொய்: கிராபீனுக்குத் தேவை பெருகினால் கிராஃபைட் சுரங்கம் பொன் கொழிக்கும் என்பது.

கேட்பதற்கு இனிமைதான். நெல் விற்றால் நிலம் விலை ஏறும் என்பது போல. ஆனால் நாடா கொண்டு உரித்த வித்தை ஆய்வுக்கூடத்து வித்தை. மின்னணுத் தொழிலுக்கு வேண்டிய அகன்ற கிராபீன் ஏட்டை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? செம்புத் தகட்டைக் கடும் வெப்பத்தில் வைத்து, அதன்மேல் மீத்தேன் வாயுவைச் செலுத்துகிறார்கள். வாயுவிலுள்ள கரி தகட்டின்மேல் ஒற்றை ஏடாகப் படிகிறது. 2009-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இந்த வழியைச் செய்து காட்டினர். இதில் சுரங்கத்துக் கிராஃபைட் ஒரு துகள்கூட வேண்டாம். 2020-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் நிலக்கரி, உணவுக் கழிவு, பழைய டயர், பிளாஸ்டிக் குப்பை ஆகியவற்றில் மின்சாரத்தை ஒரு கணம் பாய்ச்சிக் கிராபீன் தூளாக்கிக் காட்டினர். குப்பை மேட்டிலிருந்து கிராபீன் வரும் என்று விஞ்ஞானம் சொல்லும்போது, கிராபீனுக்காகச் சுரங்கத்தில் பணம் போடு என்று தரகர் சொல்கிறார்!

கிராஃபைட்டை உரித்தும் கிராபீன் செய்கிறார்களே என்பீர்கள். செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிசினிலும் வண்ணப்பூச்சிலும் கலக்கும் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. சாம்பாருக்குப் பெருங்காயம் வேண்டும்தான். அதற்காகப் பெருங்காயத்தை வண்டி வண்டியாக எவனாவது வாங்குவானா? 2023-இல் உலகம் தோண்டி எடுத்த இயற்கைக் கிராஃபைட் ஏறத்தாழ 16 இலட்சம் டன். அந்தக் கடலில் கிராபீனுக்குச் செல்வது ஒரு குடம்.

இரண்டாம் பொய்: கிராபீன் என்று புட்டியில் விற்பதெல்லாம் கிராபீன் என்பது.

கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தாள். "என் சிலம்பு" என்றாள். வாதத்தால் வழக்கு முடியவில்லை. சிலம்பை உடைத்தாள், வழக்கு முடிந்தது. முத்தா, மாணிக்கமா? உள்ளே இருப்பது எது? அதுதான் கேள்வி. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். உலகெங்கும் கிராபீன் விற்ற 60 நிறுவனங்களின் சரக்கை வாங்கினார்கள், சோதித்தார்கள். பெரும்பாலான புட்டிகளில் கிராபீன் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இல்லை. எஞ்சியது என்ன? பொடியாக அரைத்த கிராஃபைட்! ஏடு பத்துக்கு மேற்பட்டால் அதைக் கிராபீன் என்று அழைக்கலாகாது என்று 2017-இல் உலகத் தரநிர்ணய அமைப்பு வரையறை செய்தது. அதற்குப் பின்னும் கதை இதுதான். பென்சில் தூளுக்குப் பட்டாடை கட்டி, மணப்பெண் என்று மேடையில் அமர்த்தினார்கள். பாண்டியன் அவையிலாவது உண்மை வெளிப்பட்டதும் மன்னன் உயிர் விட்டான், பங்குச் சந்தையில் உண்மை வெளிப்பட்டால் உயிர் விடுபவன் பங்கு வாங்கியவன், விற்றவன் அல்லன்.

மூன்றாம் பொய்: முன்னே நுழைகிறவன் முதலாளி ஆவான் என்பது.

முன்னே நுழைந்தவர்களின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்தது 'அப்ளைடு கிராபீன் மெட்டீரியல்ஸ்' என்னும் நிறுவனம். 2013-இல் இலண்டன் சந்தையில் பங்கு வெளியிட்டது. கிராபீன் என்ற சொல்லே மந்திரமாக இருந்த காலம். பத்தாண்டு கடந்தது, 2023-இல் தொழிலையே வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது. அவர்கள் திருடர்கள் அல்லர். மெய்யான விஞ்ஞானிகள், மெய்யான சரக்கு. ஆயினும் ஆய்வுக்கூடத்துக்கும் அங்காடிக்கும் இடையிலுள்ள தொலைவு அவர்களை விழுங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் 100 கோடி யூரோ ஒதுக்கிப் பத்தாண்டுத் திட்டம் தீட்டிற்று. அரசுகளுக்குப் பத்தாண்டு காத்திருக்கும் வலு உண்டு. ஆறு இலட்சம் வைத்திருக்கும் நடத்துநருக்கு உண்டா? இலவு காத்த கிளி பறந்துபோய் வேறு பழம் தேடலாம். பணி ஓய்வு பெற்றவர் எங்கே பறப்பார்?

"சரி, கிராபீன் கனவு என்றே வைத்துக்கொள்வோம். சுரங்கமாவது மெய்தானே?" என்று தரகர் அடுத்த படியில் கால் வைப்பார். மெய்தான். அந்தச் சுரங்கத்தையும் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாடு. அதன் வடகோடியில் காபோ டெல்காடோ மாநிலம். அங்கே பலாமா என்னுமிடத்தில் உலகின் மிகப் பெரிய கிராஃபைட் படிவங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவின் சைரா நிறுவனம் 2017-இன் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. குறை ஏதும் இல்லை. கரி உண்டு, இயந்திரம் உண்டு, வாங்குவோர் உண்டு. நடந்தது என்ன? 2019-இல் விலை சரிந்தது, உற்பத்தியைக் குறைத்தார்கள். 2020-இல் கொள்ளைநோய், சுரங்கம் நின்றது. 2021-இல் மீண்டும் திறந்தார்கள். 2024-இல் நிலத்தை இழந்த உழவர்கள், மறுகுடியமர்வில் நீதி கிடைக்கவில்லை என்று கிளர்ந்தெழுந்தார்கள். தேர்தல் கலவரமும் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், எங்கள் ஆற்றலுக்கு மீறிய நிலை என்று நிறுவனம் கைவிரித்து அறிவித்தது. உழவன் வயிறு எரிய, அவன் நிலத்தைத் தோண்டி எவனும் நெடுநாள் வாழ்ந்ததில்லை. தரகரின் வண்ணத் தாளில் சுரங்கத்தின் படம் இருக்கிறது. உழவனின் படம் இல்லை!

இன்னும் அருகே வருவோம். கடலுக்கு அப்பால் இலங்கை. நரம்பு நரம்பாகப் பாறைக்குள் ஓடும் கிராஃபைட், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தூய கரியாகக் கிடைப்பது அந்தத் தீவின் தனிச்சிறப்பு. கேகாலையில் போகலை, குருநாகலில் ககட்டகக என்று சுரங்கங்கள். உலகத்து எஃகு ஆலைகளுக்கு உலோகம் உருக்கும் மூசை வேண்டும். மூசைக்கு இலங்கைக் காரீயம் வேண்டும். முதல் உலகப் போர் வந்தது. பீரங்கி செய்ய எஃகு, எஃகு செய்ய மூசை. 1916-இல் அந்தத் தீவிலிருந்து 30,000 டன்னுக்கு மேல் கப்பலேறிற்று. கொழும்புத் துறைமுகம் கரியால் கறுத்தது. சிலர் பெட்டி பொன்னால் மஞ்சளித்தது. போர் நின்றது. மடகாஸ்கரிலிருந்து மலிவான சரக்கு வந்தது. விலை விழுந்தது. குழிகள் மூடின. காட்டுமர ஏணியில் ஏறி இறங்கி, கரிய முகத்தோடு வெளிவந்த தொழிலாளி வீதியில் நின்றான்.

பெட்டி நிறைந்தவர்கள் வீதியில் நின்றார்களா? வரலாறு சொல்கிறது, கேளுங்கள். சேனநாயக்கா குடும்பமும் கொத்தலாவலை குடும்பமும் காரீயச் சுரங்கத்தால் கொழுத்த குடும்பங்கள். 1947-இல் டி.எஸ். சேனநாயக்கா முதற் பிரதமர். 1952-இல் அவர் மகன் டட்லி பிரதமர். 1953-இல் உறவினர் ஜான் கொத்தலாவலை பிரதமர். குழிக்குள் இறங்கியவன் மகன் குழிக்குள் இறங்கினான். குழியை உடைமை கொண்டவன் மகன் கோட்டையில் ஏறினான். அந்த முதல் ஆட்சிதான் 1948-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி, மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. கரி விற்ற காசு வெறும் காசாக நிற்பதில்லை, தோழர்களே! அது அதிகாரமாகிறது, அதிகாரம் சட்டமாகிறது, சட்டம் எவன் தலையிலோ விடிகிறது.

1971-இல் இலங்கை அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. இன்று அந்தத் தீவின் உற்பத்தி ஆண்டுக்குச் சில ஆயிரம் டன். உலகிலேயே உயர்ந்த கரி. ஆயினும் பெரும்பகுதி இன்றும் கரியாகவே கப்பலேறுகிறது. வேறு நாட்டில் பொருளாகிறது. பாடம் என்ன? மண்ணுக்கடியில் செல்வம் இருப்பது செல்வமன்று. அதைப் பொருளாக்கும் ஆலையும் அறிவும் எவன் கையில் இருக்கின்றனவோ அவனுக்கே செல்வம்.

அது இன்று எவன் கையில் இருக்கிறது? சீனத்தின் கையில். மின்கலத்துக்கு எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. லித்தியம் மின்கலம் என்று பெயர் சூட்டினாலும் அதில் லித்தியத்தைவிடக் கிராஃபைட்டே மிகுதி. ஒரு மின்சாரக் காருக்கு 50 கிலோவுக்கும் மேல் வேண்டும். கிராஃபைட்டின் மெய்யான வருங்காலம் அதுதான், கிராபீன் அன்று. உலகம் தோண்டும் இயற்கைக் கிராஃபைட்டில் நான்கில் மூன்று பங்கு சீனத்தில் தோண்டப்படுகிறது. மின்கலத்துக்கு ஏற்ற தூய்மைக்குக் கொண்டுவரும் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கே நடக்கிறது. 2023 டிசம்பர் முதல் நாள் முதல், அனுமதி பெறாமல் அதை ஏற்றுமதி செய்யலாகாது என்று சீனம் கதவில் தாழ் போட்டது. அமெரிக்கா திகைத்தது, கொரியா விழித்தது, ஜப்பான் கணக்குப் பார்த்தது. அன்று பாரோடேலில் சட்டம் செய்து கரியைக் காத்தான் வெள்ளையன். இன்று அனுமதிச் சீட்டு வைத்துக் காக்கிறான் சீனன். கரியைக் காவாதவன் எவன்? கரியைத் தோண்டிக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பவன்!

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். சிவகங்கைக்கு அருகே புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தி உடையநாதபுரம். அந்த மண்ணில் கிராஃபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம், நம் மாநில அரசின் நிறுவனம், தோண்டி எடுக்கிறது. பக்கத்திலேயே தூய்மைப்படுத்தும் ஆலையும் வைத்திருக்கிறது. தோண்டும் கல்லில் கரி நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவே. அதை அரைத்து, நீரில் மிதக்கவைத்துப் பிரித்துத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தூய்மைக்குக் கொண்டுவருகிறார்கள். நம் பிள்ளைகள், நம் பொறியாளர்கள், நம் மண். இது அடித்தளம். இதன்மேல் மாடி எழ வேண்டாமா? மின்கலத்துக்கு வேண்டிய உருண்டைத் துகளாகவும், மூசையாகவும், பயனற்றுப் போகும் பொடியிலிருந்து கிராபீனாகவும் இங்கேயே ஆக்க வேண்டாமா? அண்டை மாநிலமான கேரளத்தில் மண்ணுக்கடியில் பெருஞ்சுரங்கம் இல்லாவிட்டாலும், 86 கோடி ரூபாய் அளவில் கிராபீன் ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறார்கள். அவர்களிடம் அறிவுக்கூடம் இருக்கிறது. நம்மிடம் அறிவுக்கூடமும் அமைக்கலாம், கரியும் இருக்கிறது.

ஆனால் சாவி எவர் இடுப்பில் இருக்கிறது? அதுதான் வினா.

2023 ஆகஸ்டுத் திங்களில் கனிமச் சட்டத்தை ஒன்றிய அரசு திருத்திற்று. 24 கனிமங்களை மிக முக்கியமானவை என்று பட்டியலிட்டது. அவற்றைச் சுரங்கத்துக்கு ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் கிராஃபைட்டும் உண்டு. நிலம் நம்முடையது, நிலத்தடி நீர் கெட்டால் கெடுவது நம் கிணறு, தூசு படிந்தால் படிவது நம் வீட்டுக் கூரை, ஏலக் கோல் மட்டும் தில்லியின் கையில்! வீட்டுக்காரன் வெளியே நிற்க, விருந்தாளி வீட்டை வாடகைக்கு விடும் விந்தையை வேறெங்கே கண்டீர்கள்?

"ஏலத்தொகையும் உரிமத்தொகையும் மாநிலத்துக்குத்தானே வருகின்றன?" என்பார்கள். வருகின்றன, இல்லை என்று சொல்ல நாம் பொய்யர்கள் அல்லர். எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள் என்கிறோம். 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை கிராஃபைட்டுக்குப் புதிய உரிமத்தொகை முறைக்கு ஒப்புதல் தந்தது. எண்பது விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுள்ள சரக்கானால் சராசரி விற்பனை விலையில் 2 விழுக்காடு. அதற்குக் குறைந்ததானால் 4 விழுக்காடு. ஏலம் எடுத்தவர் கேட்ட கூடுதல் பங்கு தனி. அது ஏலத்துக்கு ஏலம் மாறும். சுரங்கம் உள்ள மாவட்டத்து மக்களுக்கென 2015 முதல் ஒரு கனிம அறக்கட்டளை உண்டு. ஏலத்தில் விட்ட சுரங்கமானால், உரிமத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அதற்குச் செல்லும். கணக்கைப் போடுங்கள். தூய சரக்கு நூறு ரூபாய்க்குப் போனால் மாநிலத்துக்கு உரிமத்தொகை இரண்டு ரூபாய். குழியின் விளிம்பில் குடியிருக்கும் ஊர்களுக்கு இருபது காசு! இருபது காசுக்கு இன்று ஒரு மிட்டாய்கூடக் கிடைப்பதில்லை. எங்கள் குழந்தைகள் அந்தத் தூசை மூச்சில் வாங்கும் விலையா அது?

அதுவும் போதாதென்று, 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை அனுப்பிற்று. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டியதில்லை என்றது. அதாவது, ஊரின் நடுவே குழி வெட்டலாம். ஊரைக் கேட்க வேண்டாம்! ஒரு தெருவில் பந்தல் போட வேண்டுமானால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போடுவது நம் பண்பாடு. பந்தல் மூன்று நாளில் பிரிந்துவிடும். சுரங்கம் மூன்று தலைமுறைக்கும் பிரியாது.

"நாட்டுப் பாதுகாப்பு, வளர்ச்சி, சீனப் போட்டி" என்று பெரிய பெரிய சொற்களை அடுக்குகிறார்கள். நாட்டுக்குக் கிராஃபைட் வேண்டும், நாமும் ஒப்புகிறோம். நம் பிள்ளைகள் மின்சாரப் பேருந்தில் செல்ல வேண்டும், நாமும் விரும்புகிறோம். தோண்டாதே என்பது நம் முழக்கமன்று. கேளாமல் தோண்டாதே; தோண்டியதைக் கரியாகவே கடத்தாதே; இரண்டு ரூபாய் எறிந்துவிட்டுத் தொண்ணூற்றெட்டைச் சுருட்டாதே. இதுதான் நம் முழக்கம்.

"மக்கள் எழுந்தால் என்ன ஆகிவிடும்?" என்று ஏளனம் செய்வோருக்கு மேலூர் விடை சொல்லும். 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. சமணர் படுகையும், பழங்கல்வெட்டும், ஊருணியும் நிறைந்த அரிட்டாபட்டி அந்த எல்லைக்குள். பெண்களும் முதியோரும் மாட்டு வண்டியோட்டிகளும் தெருவுக்கு வந்தார்கள். ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் இயற்றினார்கள். சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கிற்று. ஏலக் கோலை ஏந்திய கையைக் கலப்பை பிடித்த கை இறக்கிவைத்தது! அது வரலாறு, கட்டுக்கதை அன்று.

எனவே, நாம் கேட்பவை நான்கு. ஒன்று, கிராஃபைட் உள்ளிட்ட கனிமங்களை ஏலம் விடும் உரிமை மாநிலத்துக்கே மீள வேண்டும். இரண்டு, ஊர் ஒப்பாமல் ஒரு மண்வெட்டியும் மண்ணில் இறங்கலாகாது. கருத்துக் கேட்பு மீண்டும் கட்டாயமாக வேண்டும். மூன்று, சிவகங்கையில் எடுக்கும் கிராஃபைட் சிவகங்கைச் சீமையிலேயே மின்கலப் பொருளாகவும், கிராபீனாகவும் ஆக வேண்டும். மாநில நிறுவனத்துக்கு முதலும், பல்கலைக்கழகங்களின் துணையும் தர வேண்டும். அந்த ஆலையில் முதல் வேலை அந்த ஊர்ப் பிள்ளைக்கு வேண்டும். நான்கு, நம் அரசே ஆலை நடத்தினாலும் நம் விழிப்பு குறையலாகாது. தூய்மை செய்யும் தொழிலில் கடுமையான அமிலங்கள் புழங்கும். நீரும் காற்றும் கெடாமல் காக்கும் பொறுப்பை எவன் நடத்தினாலும் தட்டிக் கேட்க வேண்டும். நம்மவன் புகைத்தாலும் புகை புகைதான்.

பத்து நாள் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். அந்த வண்ணத் தாள் தண்ணீர்ச் செம்பின் அடியில் மடிந்து கிடந்தது.

"அண்ணே, கிராபீன் மெய். கரி மெய். தரகர் சொல்வது மட்டும் மெய் இல்லை. போட்டால் எடுக்க முடியாத குழி அது. அந்தப் பணம் உங்கள் முழங்கால், அதை எவன் சுரங்கத்திலும் இறக்காதீர்கள்" என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் தம்பி, நம் ஊர்க் கரியால் நமக்கு ஒன்றும் இல்லையா?"

அந்தக் கேள்விதான் தோழர்களே, இந்தக் கட்டுரை! தரகரின் தாளை நம்பி அவர் கேட்டது தவறான கேள்வி. திண்ணையில் அமர்ந்து தானாகக் கேட்டது சரியான கேள்வி. ஏழையின் ஆசையைத் தரகன் காசாக்குகிறான். ஏழையின் ஆசை தவறன்று. நம் மண்ணின் செல்வத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்னும் நியாயமான ஆசை அது. அந்தப் பங்கைப் பங்குச் சந்தையில் ஆறு இலட்சம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிறந்த உரிமையாக அது அவருக்கு ஏற்கெனவே உண்டு. அதைப் பெற்றுத் தருவது நம் வேலை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எவரேனும் வண்ணத் தாள் நீட்டினால், மூன்று பொய்களையும் உரித்துக் காட்டுங்கள். கிராம சபை கூடும் நாளில் நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். வெளியூர்த் தோழர்கள் தங்கள் ஊர் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, அதை ஏலம் விட்டவர் எவர் என்று கேட்டறிந்து எழுதுங்கள்.

தூய்மை செய்யும் ஆலையில் வேலை முடித்து வரும் தொழிலாளி முகத்தில் கரி இருக்கும். அது உழைப்பின் கரி; கழுவினால் போய்விடும். உரிமையைப் பறிகொடுத்துவிட்டு வாளா இருப்போமானால் வரலாறு நம் முகத்தில் பூசும் கரி ஒன்று உண்டு. அதைக் கழுவ வைகை நீர் போதாது!